சங்கிலியின் நீளம்

கதுரேக்கு மூன்று நாளாகக் கோபம். கோபம் வந்தால் அவள் கை வேகமாகிவிடும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் மாட்டைக் கறந்து, தேநீர் கொதிக்கவைத்து, மகள் கெண்டியின் சீருடையை அடித்துத் துவைத்து வேலிக்கம்பியில் போட்டு, சமையலறைத் தரையில் குட்டிகள் நனைத்திருந்த செய்தித்தாள்களை வாரி எரித்தும் விட்டாள். பத்து மணிக்கு இரும்புக் கடைக்காரன் கிகுண்டா குட்டி பொறுக்க வருவான்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள மூஞ்சியைக் கொஞ்சம் மாத்திக்க," என்றான் அவள் கணவன் முதெம்பெய். வாசற்படியில் உட்கார்ந்து லாரியின் ஏதோ ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இருக்கிறது ஒரு மூஞ்சிதான், கெண்டி அப்பா. வேற வேணும்னா அவன் கடையில வாங்கிட்டு வா."

மலையடிவாரத்து டிமாவ் பக்கத்தில், பெட்டையோடு சேர்க்க ஆண் நாய்க்காரன் கூலி வாங்குவதில்லை. குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்து, தனக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கிக்கொள்வான், எட்டு வாரம் ஆனதும் எடுத்துப் போவான். முதல் கை அவனுடையது. கதுரேயின் பெட்டை நாய் சாஃபி, ஷெப்பர்ட் சாதி. அதற்குச் சேர்த்தது கிகுண்டாவின் ஜெனரல். போன ஈற்றில் கிகுண்டா எடுத்துப் போனது பச்சை நூல் கட்டிய ஆண் குட்டி. அடையாளம் தெரிய, குட்டிகளின் கழுத்தில் கதுரே ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டுவாள். பச்சைதான் அந்த ஈற்றிலேயே உருப்படியானது. ஜெனரல் மாதிரி பெரிய தலை, சாஃபி மாதிரி நிதானம். நன்றாக இருக்கிறானா என்று எப்போது கேட்டாலும், "ராஜா மாதிரி இருக்கான்" என்பான் கிகுண்டா. அதை நம்பித்தான் இரண்டாவது ஈற்றுக்கும் ஜெனரலிடமே போனாள்.

புதன்கிழமை கோழிக்கூண்டுக்கு வலை வாங்க கிகுண்டாவின் இரும்புக் கடைக்குப் போனாள். பின்னால் கிடங்கில் இருக்கிறது, நீயே பார்த்து எடுத்துக்கொள் என்றார்கள். சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் தகரத்தில் அடித்த ஒரு பெட்டி நின்றது. அவள் இடுப்பு உயரம். ஜன்னல் கிடையாது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, அதையும் சாக்கால் அடைத்திருந்தது. வெயில் ஏறிய நேரம். தகரத்தில் கை வைத்தால் சுட்டது. உள்ளே ஏதோ நகர்ந்தது. அவள் குட்டிகளைச் சாப்பிடக் கூப்பிடும் சீழ்க்கையை மெல்ல அடித்துப் பார்த்தாள். நகர்வது நின்றது. ஒரு முனகல்கூட வரவில்லை.

உள்ளே இருப்பது பச்சைதான் என்பதைக் கிகுண்டா ஒளிக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். "பகல்ல யார் மூஞ்சியையும் பார்க்கக் கூடாது. பார்த்தா பழகிடும். பழகினா காலி போயிடும். ராத்திரி திறந்துவிடுவோம், விடிஞ்சா உள்ள."

காலி என்பது அந்த ஊரில் எல்லாரும் ஆசையாகச் சொல்கிற வார்த்தை. கத்தி கூராக இருந்தால் காலி. மிளகாய் காரமாக இருந்தால் காலி. மத்தியான வெயிலும் காலி, கண்டிப்பான கணக்கு டீச்சரும் காலி. வசதியான வீட்டு வாசலிலெல்லாம் சிவப்புப் பெயிண்டில் 'ம்ப்வா காலி' என்று எழுதியிருக்கும், உள்ளே மூர்க்கமான நாய் என்று அர்த்தம். நாய் வாங்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான்: காலியா?

அன்று வீட்டுக்கு வந்ததும் கதுரே சொல்லிவிட்டாள், அவனுக்கு இனிமேல் குட்டி இல்லை என்று. முதெம்பெய் தலையாட்டவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, ஜெனரலைக் கூட்டிவந்து வேலையும் முடிந்தது, இப்போது இல்லை என்றால் நம்மை என்ன சொல்வார்கள் என்றான். பேச்சுக்குச் சாட்சி அவன் அண்ணன் முரிதி. அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்றான். அங்கே ஆரம்பித்த சண்டை மூன்று நாளாக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் கதுரேயைச் சுட்டது ஒன்றுதான். அந்தப் பெட்டி அழிப்பது எதை என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அங்கே அழிவதை உருவாக்கியவளே அவள்தானே.

குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து கதுரே ஒவ்வொன்றையும் கையில் எடுப்பாள். விரலிடுக்கில் பஞ்சால் தொடுவாள், ஈரத் துணியில் சில நொடி நிற்கவைப்பாள், மல்லாக்கத் தாங்குவாள். ஒவ்வொன்றும் ஐந்து எண்ணும் நேரம், அதற்கு மேல் கிடையாது. அப்புறம் தாயிடம் விட்டுவிடுவாள். சின்னக் கஷ்டம் வரும், போய்விடும், பிறகு சூடான வயிறு கிடைக்கும். உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் காது திறக்கும். அன்றோடு குட்டிகள் வெளியிலிருந்து சமையலறைக்குக் குடிவரும். வீட்டின் எல்லாச் சத்தமும் சமையலறையில்தான் இருக்கிறது: பாத்திர மூடி விழுவது, குக்கர் விசில், ரேடியோ, கெண்டி பாடம் ஒப்பிப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டை. அந்த வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை ஒரு நாய்க்குட்டியின் மண்டையில் ஒரு கதவு திறந்திருக்கும். அதற்குள் எதைப் பார்க்கிறதோ அது உலகத்தில் இருக்கிற சாதாரண விஷயம். கதவு சாத்திய பிறகு முதன்முதலாகப் பார்ப்பதெல்லாம் பூதம். அதனால் கதுரே, குட்டி தன்னிடம் இருக்கிற எட்டாம் வாரத்துக்குள் உலகத்தையே சமையலறைக்குள் கொண்டுவரப் பார்ப்பாள். ஒரு நாள் தகரத் தட்டில் நடை, ஒரு நாள் மணல், ஒரு நாள் ஈரப் புல். குடை விரியும். மழைக்கோட்டு நடந்து வரும். பைக் டாக்சிக்காரன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டீ குடிப்பான். தடி ஊன்றுகிறவர்கள், தொப்பிக்காரர்கள், கறுப்பு அங்கி போட்ட சோமாலிக் கடைக்காரி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தக் குட்டியையும் எதனிடமும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பயந்தால் அணைக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஓடட்டும். ஓடிப் போய் மேசைக்கடியில் இருந்து பார்க்கட்டும். அவள் வாய்க்குள் எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று... பயப்படாத நாய் என்று ஒன்று கிடையாது. பயந்தபின் எத்தனை எண்ணுவதற்குள் திரும்பி வருகிறது என்பதுதான் நாயின் தரம். இந்த ஈற்றில் ஆறு குட்டி. சிவப்பு நூல் கட்டிய பெட்டைக் குட்டி நான்கு எண்ணுவதற்குள் வந்துவிடும். பச்சையும் போன வருஷம் அப்படித்தான், ஐந்துக்குள்.

இப்படி வளர்ந்த நாய் காவல் காக்காது என்று ஊர் சொல்லும். கதுரேக்கு அது புரிந்ததே இல்லை. நூறு பேரைப் பார்த்த நாய்க்குத்தானே நூற்றியோராவது ஆள் நடப்பது சரியில்லை என்று தெரியும்? யாரையுமே பார்க்காத நாய்க்குப் பால்காரனும் ஒன்று, திருடனும் ஒன்று.

பத்தே முக்காலுக்கு பிக்கப் வண்டி வந்தது. முன்னால் கிகுண்டாவும் முரிதியும். பின்னால் திறந்த தட்டில், கம்பியோடு சேர்த்துக் கட்டிய ஒரு நாய் வயிறு தரையில் ஒட்டப் படுத்திருந்தது.

"கெண்டி, சமையலறைக் கதவைச் சாத்து. சாஃபியையும் உள்ள வெச்சுக்க," என்றாள் கதுரே.

கிகுண்டா நாயை இறக்கவில்லை, இழுத்தான். அது நாலு காலையும் ஊன்றி வழுக்கிக்கொண்டே வந்து விழுந்தது. தண்ணீர்த் தொட்டி நிற்கும் கல்மேடையோரமாக ஒரு இரும்புக் கம்பி நட்டிருந்தது. அதில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினான். மீதி இருந்தது ஒரு முழம்.

நகங்கள் வளைந்து மண்ணைக் கீறின. முழங்கைகளில் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் தலையைக் கல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய தலையை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இந்தா, உன் சரக்கு. திருப்பிக்கோ," என்றான் கிகுண்டா. "போன மாசம் ரெண்டு பேர் சுவரேறி வந்தானுங்க. இருபது தகரம் போச்சு. இவரு எங்க இருந்தாரு தெரியுமா? மூட்டைக்குப் பின்னால. அவனுங்க டார்ச் அடிச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறாராம், புதுசா வந்த மருமக மாதிரி."

முரிதி சிரித்தான். "தகரத்தை எண்ணிக் கொடுக்காம விட்டுதே, அதைச் சொல்லு."

"எல்லாம் இந்தம்மா வளர்த்த லட்சணம். குடை காட்டி, பாட்டுப் பாடி, பிள்ளைங்க மடியில போட்டு... நாயா வளர்த்தே? மணப்பொண்ணு வளர்த்திருக்கே."

"ஆறு மாசத்துக்கு முன்னால கேட்டப்ப ராஜா மாதிரி இருக்கான்னீங்க," என்றாள் கதுரே.

"அப்ப திருடன் வரலை." அவன் கையைத் தட்டித் தூசியை உதறினான். "சரி, பேச்சுக்கு வருவோம். எனக்கு ரெண்டு குட்டி வேணும். ஒண்ணு ஜெனரலோட பங்கு. ஒண்ணு இந்தக் கோழைக்குப் பதில். இன்னைக்கே எடுத்துக்கிறேன். எட்டு வாரம்வரைக்கும் உங்கிட்ட விட்டா அதுங்களையும் கெடுத்துடுவே."

"ஆறு வாரத்துல எடுத்துட்டுப் போய்?"

"பெட்டியிலதான். சின்னதுலயே போட்டாத்தான் பழகும். இதை லேட்டாப் போட்டுட்டேன், அதான் தப்பு."

கதுரே முதெம்பெயைப் பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன், "கேக்குறது நியாயம்தானே? வித்த பொருள் சரியில்லைன்னா மாத்தித் தர்றது கடைக்காரன் பழக்கம்," என்றான்.

"அண்ணே, நான் கொடுத்தது சரியாத்தான் இருந்தது. ஓட்டிக் கெடுத்தது அவரு."

"முதல்ல குட்டிங்க வாயைப் பார்க்கணும்," என்றான் கிகுண்டா. "மேலண்ணம் கறுப்பா இருந்தாத்தான் காலி, அதைப் பார்த்து எடுக்கணும். இதுக்கும் கறுப்புதான். பாரு, எவ்வளவு கறுப்பு! இவ்வளவு கறுப்பு வெச்சுக்கிட்டு எப்படிக் கோழையாச்சுன்னுதான் எனக்கே ஆச்சரியம்." காட்டுவதற்காகச் சங்கிலியை மேலே தூக்கினான். பச்சையின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. பின்னால் கல்மேடை, முன்னால் மூன்று ஆண்கள், மேலே சங்கிலி.

"விடுங்க! கழுத்து இறுகுது!" கதுரே பாய்ந்து சங்கிலியைப் பிடித்துத் தளர்த்தப் போனாள். அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த ஒரு நொடியில் மறந்தாள். நேருக்கு நேராகப் போனாள், மேலிருந்து கையை நீட்டினாள்.

பச்சை அவள் வலது முன்கையைக் கடித்தது. கடித்து, விட்டு, மறுபடி கடித்தது.

கிகுண்டா சங்கிலியை உதறிவிட்டு இரண்டடி துள்ளினான். அப்புறம் அவன் முகம் விரிந்தது.

"காலி!" என்றான். "பார்த்தியா முரிதி? வளர்த்தவளையே கடிக்குது! இதுதான் காலி! பெட்டி வேலை செய்யுது, கொஞ்சம் நாள் எடுத்திருக்கு, அவ்வளவுதான்!"

கதுரே குழாயடிக்குப் போனாள். சவுக்காரக் கட்டியை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, கையை அடியில் நீட்டினாள். நாய் கடித்தால் முதல் வைத்தியம் அதுதான்: ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம், சவுக்காரம் போட்டுப் போட்டு. வெறிநோய்க் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஒரு சட்டை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரியே சவுக்காரம் அந்தச் சட்டையைக் கரைத்துவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அவசரப்பட்டால் பிரயோஜனமில்லை. கால் மணி நேரம் அவள் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்படிச் செய்வோம்," என்றான் கிகுண்டா, குரலில் தேன் வழிந்தது. "இதை நான் திரும்பக் கூட்டிட்டுப் போறேன். குட்டியே வேண்டாம். ஜெனரல் பங்கையும் விட்டுத் தர்றேன். கடிக்கிற நாய் கையில இருக்கும்போது எனக்கெதுக்குக் குட்டி? கெண்டி அம்மாவுக்கும் சந்தோஷம்."

"அப்பாடா," என்றான் முரிதி.

முதெம்பெய் குழாயடிக்கு வந்தான். அவள் கையைப் பார்த்து முகம் சுளித்தான். தணிந்த குரலில், "விட்டுடு, கதுரே. ஆறு குட்டியும் உனக்கு. நீ கேட்டது அதுதானே? இது கெட்டது கெட்டுப்போச்சு," என்றான்.

அவள் சவுக்காரத்தைத் தேய்த்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மூன்று நாளாகச் சண்டை போட்டது ஒரு குட்டியைக் காப்பாற்ற. இப்போது ஆறும் சும்மா கிடைக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பச்சை கல்லுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒடுங்கிக்கிடந்தது. சிறுநீர் போய்க் கால் நனைந்திருந்தது. கிகுண்டா எதைப் பார்த்துக் கைதட்டினான் என்று அவள் யோசித்தாள். பயந்த நாய்க்கு முதலில் தோன்றுவது ஓட்டம்தான். திருடர்கள் வந்த அன்று முற்றம் முழுக்கத் திறந்துகிடந்தது, ஓடி ஒளிந்தது. இங்கே ஒரு முழச் சங்கிலி, ஓட இடமில்லை, கடித்தது. இரண்டு நாளும் அதே நாய், அதே பயம். நடுவில் மாறியது சங்கிலியின் நீளம். இதைப் போய் அவன் தைரியம் என்கிறான். இனிமேல் ஆள் வரும்போதெல்லாம் ஒரு முழத்தில் கட்டிப்போட்டு ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவான். அடுத்து அவன் பிள்ளை கையை நீட்டும். அப்புறம் ஒரு தடியோ துப்பாக்கியோ வரும்.

கால் மணி முடிந்தது. குழாயை மூடினாள். கை துடிக்க ஆரம்பித்திருந்தது.

"கிகுண்டா," என்றாள், "ஐயா" இல்லாமல். "இந்த நாய் யாரோடது?"

"என்ன கேள்வி? என்னோடதுதான்."

"வந்ததும் திருப்பிக்கோன்னீங்களே."

"மனசு மாறிட்டேன். என் நாய்."

"அண்ணே, கேட்டுக்குங்க. அவரோட நாயாம்." ஈரமான இடது கையால் பாவாடைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டித் தொட்டி விளிம்பில் வைத்தாள். "டாக்டர் முதோமி, நான் கதுரே. என்னை ஒரு நாய் கடிச்சிடுச்சு. ரெண்டு கடி, ரத்தம் வருது."

கால்நடை அலுவலகத்து முதோமியின் குரல் கரகரத்தது. "உன் நாயா? உன் நாய்க்கெல்லாம்தான் நானே ஊசி போட்டேனே."

"இன்னொருத்தர் நாய். கிகுண்டாவோடது. பக்கத்துலதான் நிக்கிறாரு."

"அப்படியா. முதல்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போ, இன்னைக்கே முதல் ஊசி போடணும். கிகுண்டா, ஊசி அட்டை இருக்கா? இருக்கோ இல்லையோ, கடிச்ச நாயைப் பத்து நாள் உயிரோட, நான் பார்க்கிற இடத்துல கட்டிவெச்சிருக்கணும். அது சொந்தக்காரன் பொறுப்பு. கடி பட்டவங்க செலவும் சொந்தக்காரன்தான். மத்தியானம் நான் உங்க இடத்துக்கு வர்றேன், எங்க வெச்சிருக்கீங்கன்னு பார்க்கணும். வேற நாய் எத்தனை இருக்கு? எல்லா அட்டையும் எடுத்து வைங்க."

கிகுண்டா போனைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். அவனிடம் இன்னும் மூன்று பெட்டிகள் இருந்தன. அட்டை ஒன்றுகூட இல்லை என்பது அவன் நாக்கு உதட்டை நனைத்த விதத்திலேயே தெரிந்தது.

"டாக்டர்... அது என் நாய் இல்லை. காலையிலயே திருப்பிக் கொடுத்துட்டேன். முரிதி சாட்சி."

"யாரோடதுன்னு ஒரு முடிவுக்கு வாங்கப்பா," என்றது போன்.

"என்னோடதுதான் டாக்டர்," என்றாள் கதுரே. "அவரே சாட்சியோட சொல்லிட்டாரு. இங்க, என் வீட்டுல கட்டியிருக்கு. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க." போனை வைத்தாள்.

கிகுண்டாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "நல்லா வேஷம் கட்டுறே. சரி, நாய் போகட்டும். என் பங்கு குட்டியை எடு. முதல் கை என்னோடது. அதை எந்த டாக்டரும் தடுக்க முடியாது."

"தடுக்கலையே. உங்க பங்கு உங்களுக்கு உண்டு. எட்டு வாரம் முடிஞ்ச அன்னைக்கு நானே தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றேன். முதோமியும் கூட வருவாரு. குட்டி படுக்கிற இடத்தைக் காட்டுங்க. ஜன்னல் இருந்தா விட்டுட்டு வர்றோம்."

"என் வீட்டுல எங்க ஜன்னல் வைக்கணும்னு நீ சொல்றியா?"

"ஆமா. நான்தான் சொல்றேன்." குரல் ஏறியது, மூன்று நாள் கோபமும் ஒரே வழியில் வந்தது. "எட்டு வாரம் உயிரைக் கொடுத்து நான் திறந்துவிட்டதை, நீ சாக்கை வெச்சு அடைச்சே! ஒரு வருஷமா அதுக்கு விடிஞ்சதே தெரியாது. அதுக்குக் கோழைன்னு பேர் வெச்சே. இப்ப பயத்துல கடிச்சா வீரன்னு பேர் வெக்கிறே. உனக்கு நாய் எதுக்கு? தகரத்துல ஒரு நாய் படத்தை வரைஞ்சு மாட்டிக்க. அதுக்குச் சோறும் வேண்டாம்!"

"உன் பொண்டாட்டிக்கு வாய் நீளம், முதெம்பெய்."

முதெம்பெய் சமையலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"நாய்ங்களோட அம்மா!" என்று காறினான் கிகுண்டா. பிள்ளை பெயரைச் சொல்லி இன்னார் அம்மா என்று கூப்பிடுகிற ஊரில் அதைவிடக் கேவலமாக ஒரு பெண்ணைத் திட்ட முடியாது. "இனிமே ஜெனரல் உன் வாசலை மிதிக்காது. மலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் உங்கிட்டக் குட்டி எடுக்கிறானான்னு பார்க்கிறேன்."

"பாரு. நல்லா வெளிச்சத்துல நின்னு பாரு."

வண்டி கிளம்பியது. முரிதிக்காக ஊற்றிவைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. தம்பி வீட்டில் டீ குடிக்காமல் போனான் என்றால் அந்தச் செய்தி மாலைக்குள் எல்லாச் சொந்தங்களுக்கும் போய்விடும். முதெம்பெய் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோபமா?" என்று கேட்டாள் கதுரே.

"பின்ன? அண்ணன் இனிமே இந்த வீட்டுக்கு வர எத்தனை மாசம் ஆகுமோ. நாய்க்காக."

"எனக்கும் கோபம்தான். உம்மேலயும். அவன் ரெண்டு குட்டி கேட்டப்ப நீ அண்ணன் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னே பாரு, அதை நான் மறக்க மாட்டேன்."

அவன் உள்ளே போய் ஒரு சுத்தமான துணியை எடுத்துவந்து அவள் கையில் கட்டினான். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நாயைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கதுரே இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தாள். பக்கவாட்டில் திரும்பிக் குந்தினாள், நாயைப் பார்க்கவில்லை, கம்பியில் சுற்றியிருந்த சங்கிலியை மட்டும் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, நுனியில் மாட்டுக் கயிற்றை முடிந்து நீட்டினாள். எட்டு முழம் ஆயிற்று. பிறகு பின்னாலேயே நகர்ந்து விலகினாள். வெயில் முற்றத்தில் நன்றாக விழுந்திருந்தது. ஒரு வருஷத்து வெயிலை இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

கயிறு நீண்டதும் பச்சை எழுந்தது. முற்றத்துக்கு வரவில்லை. வயிற்றால் ஊர்ந்து கல்மேடைக்கு அடியில், தொட்டி நிழலில், இருக்கிறதிலேயே இருட்டான மூலைக்குள் நுழைந்தது. கற்களின் சந்துவழியாக ஒரு கோடு வெயில் அங்கேயும் வந்தது. அது முகத்தைத் திருப்பியது. கோடு காதில் விழுந்தது. காதை மடித்தது. உடம்பு மொத்தமும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கதுரே பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, அறுபது தாண்டியதும் நிறுத்தினாள்.

"கரி அறையில கட்டலாமே," என்றான் முதெம்பெய் மெதுவாக. "அங்க இருட்டா இருக்கும்."

அவள் திரும்பிய வேகத்தில் அவன் ஒரு அடி பின்வாங்கினான். வாயைத் திறந்தவள் மறுபடி பச்சையைப் பார்த்தாள்; அதற்கு இப்போது வெளிச்சமே பூதம். அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் போய் மூன்று தீவனச் சாக்குகளை இழுத்துவந்தாள். இடது கையால் ஒரு சாக்கைக் கல்மேடையின் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் பிடித்தாள். வெயில் கோடு மறைந்தது. இருட்டை ஒழிக்க அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, தன் கையாலேயே இருட்டுக் கட்டுகிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

முதெம்பெய் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்தான். முதல் அடிக்கே சாக்குக்குப் பின்னால் சங்கிலி அதிர்ந்தது.

"அடிக்காதே. கயித்தால கட்டு."

கட்டினான். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மூன்றாவது சாக்கை எடுத்து, சமையலறையைப் பார்த்த முன்பக்கத்தைக் காட்டினான். "இதையும் மூடிடவா?"

"அதை மூடினே, உன்னை உள்ள தள்ளி மூடுவேன். மடிச்சுக் கீழ போடு. அது படுக்கட்டும்."